சுண்ணாம்புத் தரை, கண்ணாடித் தரை

மும்பையின் மாதுங்காவில் ஐந்து தோட்டங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் 1930களிலும் 40களிலும் கட்டிய மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் பல இன்னும் நிற்கின்றன. படியேறும்போதே காலுக்குக் குளிர்ச்சியாக மொசைக் தரை தொடங்கிவிடும். சாம்பலும் பச்சையும் கலந்த நடுப்பகுதி, கறுப்புக் கரை, மூலையில் ஒரு பூ. இந்தத் தரைகளில் சில இன்னும் முகம் தெரிய மின்னுகின்றன. அதே வயதுடைய, அதே ஓடு பதித்த வேறு சில தரைகள் வெளுத்து, சொரசொரத்து, எவ்வளவு துடைத்தாலும் அழுக்கேறியே கிடக்கின்றன. காலம் எல்லாத் தரைக்கும் ஒன்றுதான். வித்தியாசம் பெரும்பாலும் துடைத்த விதத்தில் இருக்கிறது. கழிவறைக்கு வாங்கிய ஆசிட் எப்போதோ கூடத்துக்கும் வந்திருக்கும்.

தரை துடைக்கும்போது நாம் அழுக்கைப் பார்த்துத்தான் மருந்தைத் தேடுகிறோம். எண்ணெய்ப் பிசுக்கா, மஞ்சள் கறையா, உப்புப் படிவா என்று கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தத் தரை எதனால் ஆனது? இதைத் துடைக்கிறவர் எந்தக் காற்றை இழுக்கிறார்? முதல் கேள்வி தரையைக் காக்கும். இரண்டாவது ஆளைக் காக்கும். இரண்டுக்கும் விடை பள்ளிக்கூட வேதியியலிலேயே இருக்கிறது.

வேகாத ஓடு

1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலும் இருட்டும் ஈரமும்தான் நோயை வளர்க்கின்றன என்று அன்றைய ஆட்சியாளர்கள் நினைத்தார்கள். 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாதுங்கா பகுதியை அகலத் தெருக்களும் மரங்களும் தோட்டங்களுமாக வகுத்தது அந்த டிரஸ்ட்தான். காற்று வரும் வீடும் கழுவித் துடைக்கக்கூடிய தரையும் புதிய நகரத்தின் அடையாளங்கள் ஆயின. தமிழ்நாட்டிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் அலுவலக வேலைக்கு வந்த குடும்பங்கள் இந்தத் தரைகளில் கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, குழந்தைகளைத் தவழவிட்டு வாழ்ந்தார்கள்.

அலங்கார ஓடுகள் அதுவரை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன. சுதேசி உணர்வு ஓங்கியிருந்த 1922இல், சித்வா குடும்பத்தினர் பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பம்பாய்த் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் உரணில் சிமென்ட் ஓடுகள் உருவாயின. வெள்ளைச் சிமென்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பை அச்சின் அறைகளில் ஊற்ற வேண்டும். அதன்மேல் மணலும் சிமென்டும் கலந்த உலர்ந்த கலவையைப் பரப்பி, அழுத்து இயந்திரத்தில் வைத்து இறுக்க வேண்டும். பிறகு தண்ணீரில் ஊறவிட வேண்டும். இந்த ஓடு சூளைப் பக்கமே போவதில்லை. நெருப்புக்குப் பதில் தண்ணீர்தான் இதைக் கல்லாக்குகிறது. செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் இதே இனம். அதைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பதால் கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் பதிந்துவிடுகிறது.

மொசைக்கில் சிமென்டோடு பளிங்குச் சில்லுகள் சேரும். இறுகியபின் கார்போரண்டம் கல்லால் முதலில் கரடாகவும், பிறகு படிப்படியாக நைசாகவும் தேய்த்துப் பளபளப்பேற்றுவார்கள்.

இந்த ஓடுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை கால்சியம். சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் உருவாகின்றன. ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாக, மாறுகிறது. பளிங்கு முழுக்கவே கால்சியம் கார்பனேட். மும்பைச் சமையலறை மேடைகளில் இருக்கும் கறுப்புக் கடப்பாக் கல்லும், பொது நடைகளிலும் படிகளிலும் பதித்திருக்கும் பச்சை சாயல் கொண்ட கோட்டாக் கல்லும் சுண்ணாம்புக்கல் வகையே. சிவப்பு ஆக்சைடு பூசிய பழைய தரையின் உடம்பும் சிமென்ட் அல்லது சுண்ணாம்பு. பார்வைக்கு ஆறு விதமாகத் தெரியும் இவற்றை ஒரே குடும்பமாக வைத்துக்கொள்ளலாம்: சுண்ணாம்புத் தரைகள்.

ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு

உங்கள் வீட்டுத் தரை இந்தக் குடும்பமா என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று கையிலிருந்தால் நல்லது. இல்லையென்றால் கட்டிலுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ யார் கண்ணிலும் படாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். மெழுகோ எண்ணெயோ இல்லாமல் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கைப்பேசி விளக்கைத் தரையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சொட்டுக்குள் ஊசிமுனைக் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே வந்து உடைந்தால் அது சுண்ணாம்புத் தரை. பளிங்குச் சில்லின்மேல் குமிழி சீக்கிரம் வரும். கோட்டாவில் மணல்சத்தும் கலந்திருப்பதால் தயங்கித் தயங்கி வரும். அரை நிமிடத்தில் துடைத்து, தண்ணீர் விட்டு மறுபடி துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் பளபளப்பு மங்கிய சிறு வட்டம் தெரியலாம். மறைவான மூலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

அந்தக் குமிழி கார்பன் டை ஆக்சைடு. அமிலம் கார்பனேட்டை உடைக்கிறது. கால்சியம் கரைந்து தண்ணீரோடு போகிறது, வாயு மேலே போகிறது, தரையில் அந்த அளவுக்குப் பள்ளம் விழுகிறது.

எலுமிச்சைக்கே இப்படியென்றால் கழிவறைத் திரவம் என்ன செய்யும்? கடைகளில் கிடைக்கும் பல கழிவறைத் திரவங்களில் 10 சதவிகித அளவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அப்படிப்பட்ட திரவம் 100 மில்லி லிட்டரால் ஏறக்குறைய 14 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க முடியும். அதை ஒரு சதுர மீட்டர் பளிங்கின்மேல் பரப்பினால், சமமாக அரித்தாலும் சுமார் 5 மைக்ரான் தடிமன் போய்விடும். ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் ஒரு பரப்பு மின்னுவதற்கு, அதன் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். தரை போட்டவர் நாள்கணக்கில் தேய்த்து ஏற்றிய வழவழப்பை ஒரே தடவை ஊற்றிய திரவம் பத்து மடங்கு ஆழத்துக்குக் கிளறிவிடுகிறது. அரிப்பு சமமாகவும் நடப்பதில்லை. சிமென்ட் ஒரு வேகத்தில் கரையும், பளிங்குச் சில்லு வேறொரு வேகத்தில் கரையும். சில்லுக்கும் சிமென்டுக்கும் நடுவே பள்ளம் விழுகிறது.

“நுரைக்குது பாரு, அழுக்கெல்லாம் கிளம்புது” என்று வீடுகளில் சொல்வதுண்டு. நுரைப்பது தரை. அழுக்கின்மேல் வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் அமிலம் ஊற்றினாலும் பெரும்பாலும் ஆகிறது. ஆனால் அழுக்கு ஒட்டியிருந்த மேல்தோலே கரைவதால் தரை அன்றைக்கு வெள்ளையாகத் தெரியும். ஒரு வாரத்தில் புதுப் பள்ளங்களில் புழுதி உட்காரும். தரை முன்னைவிடக் கறுக்கும். மறுபடி ஆசிட் வரும். மூன்று நான்கு சுற்றில் தரை, துடைப்பதற்கு லாயக்கில்லாத நிலைக்குப் போய்விடும்.

உப்புப் படிவத்துக்கும் இதே கதைதான். மும்பையின் செம்பூரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையோ டேங்கர் தண்ணீரையோ புழங்கும் கட்டடங்களில் குழாயடியில் வெள்ளைத் திட்டுகள் படிவதைப் பார்க்கலாம். கடினத் தண்ணீர் காயும்போது விட்டுச்செல்லும் அந்தத் திட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். தரையும் அதே பொருள் என்றால், படிவத்தை மட்டும் தின்றுவிட்டுத் தரையை விட்டுவிடு என்று அமிலத்திடம் சொல்ல வழியில்லை. சுண்ணாம்புத் தரையில் உப்புத் திட்டை ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாகச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

மொசைக் தரைக்குப் பாலிஷ் போட வருகிறவர்கள் கடைசியில் ஆக்சாலிக் அமிலப் பொடியைத் தூவித் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமிலம் கெடுக்கும் என்றால் இது மட்டும் எப்படி மெருகேற்றுகிறது? ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து உருவாக்கும் கால்சியம் குளோரைடு தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். ஆக்சாலிக் அமிலம் உருவாக்கும் கால்சியம் ஆக்சலேட் கரையாது. இழைத்த தரையின்மேல் மெல்லிய படலமாக அங்கேயே தங்கி நுண்துளைகளை அடைக்கிறது. ஆனால் ஆக்சாலிக் அமிலம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. மிச்சப் பொடியை வீட்டில் வாங்கி வைக்கக் கூடாது, வேலை முடிந்ததும் தரையை நன்றாக அலசியபிறகுதான் குழந்தைகளை விட வேண்டும்.

வெந்த மண்

தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் தலைமுறைகளாகச் சூளை போடுகிறார்கள். அங்கே வேகும் அகல்விளக்கு தண்ணீரை உறிஞ்சும். அதே சௌராஷ்டிரத்தின் மோர்பி இன்று இந்தியாவின் டைல்ஸ் தலைநகரம். செம்பூரில் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு எழும் அடுக்குமாடிகளிலும், தாராவியில் புதிதாகப் பூசிய அறைகளிலும் இப்போது பதிப்பது பெரும்பாலும் சூளையில் வெந்த ஓடுகள்தான். அகலுக்கும் இவற்றுக்கும் முக்கிய வித்தியாசம் வெப்பம். களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்து 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் சுடும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகி, மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் கண்ணாடியாக ஓடி நிரம்புகிறது. விட்ரிஃபைட் டைல்ஸ் என்பது இதுதான். தன் எடையில் 0.5 சதவிகிதத்துக்கு மேல் அது தண்ணீர் உறிஞ்சக் கூடாது என்பது தரவிதி. சாதாரண செராமிக் தரை ஓடு இதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். அதனால் அதன் முகத்தில் கண்ணாடிப் பூச்சு ஏற்றியிருப்பார்கள்.

இப்படி வெந்த ஓடுகள் பதித்த கண்ணாடித் தரைக்கு எலுமிச்சையாலும் வினிகராலும் கெடுதல் இல்லை. குளியலறைச் செராமிக் ஓட்டில் படிந்த உப்புத் திட்டை, தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்து ஓட்டின்மேல் மட்டும் சில நிமிடம் போர்த்தி எடுத்தாலே தளர்த்திவிடலாம். அப்படியானால் ஆசிட்டையும் ஊற்றலாமே என்று தோன்றும். இங்கே ஓடுகளுக்கு நடுவே இருக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். அந்த இடுக்கில் அடைத்திருப்பது பெரும்பாலான வீடுகளில் சிமென்ட் கலவை. அதாவது சுண்ணாம்புக் குடும்பம். ஓடு அசையாமல் நிற்க, இடுக்கு மட்டும் மாதாமாதம் கரையும். கரைந்த வழியாகத் தண்ணீர் இறங்கும், அதோடு குளோரைடும் இறங்கும்.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், சிமென்டின் காரத்தன்மை கம்பியின்மேல் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். குளோரைடு போய்ச் சேர்ந்தால் அந்தப் படலம் உடையும். துருவுக்கு இரும்பைவிடப் பருமன் அதிகம். அது உள்ளிருந்து காங்கிரீட்டைப் பிளக்கும். மேல்வீட்டுக் குளியலறையில் ஊற்றுவது கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு உதிர்வதற்கு ஒரு காரணமாகிவிடும். கடற்காற்றிலேயே உப்பு மிதக்கும் மும்பையில் இந்தச் சுமையை நாமே கூட்டிக்கொள்ளத் தேவையில்லை.

கண்ணாடியையே கரைக்கும் அமிலம் ஒன்று உண்டு. அது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். துரு நீக்கும் தொழில்துறைத் திரவங்கள் சிலவற்றில் அதுவோ அதன் உப்புகளோ இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமலேயே உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தின் துடிப்பையே குலைக்கக்கூடியது. பெயர்ச்சீட்டில் ஃப்ளோரைடு என்று பார்த்தால் அந்தப் பாட்டில் வீட்டுக்குள் வரவே கூடாது.

அழுக்கு எப்படிக் கிளம்புகிறது

அன்றாட அழுக்கு என்பது புழுதி, சமையல் எண்ணெயின் ஆவி, காலின் வியர்வை ஆகியவை சேர்ந்த பிசுக்கு. எண்ணெய் தண்ணீரோடு சேராது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். எண்ணெய் முனைகள் பிசுக்கைச் சூழ்ந்து நுண்ணிய உருண்டையாக்க, தண்ணீர் முனைகள் அதை வாளிக்குள் இழுத்துவருகின்றன. மாதுங்காவில் இயங்கும் வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில் இந்த வகை மூலக்கூறுகளைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கிய கல்விக்கூடம் அது.

சோப்பு வேலை செய்ய நேரம் வேண்டும். தெளித்த உடனே துடைத்தால் மூலக்கூறுகளுக்குப் பிசுக்கைச் சூழ அவகாசமே இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் அரை மூடி பாத்திரம் கழுவும் திரவம் போதும். துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, மறுபடி துடைக்கலாம். அமிலமோ கடுங்காரமோ இல்லாத இந்தக் கலவை இரண்டு குடும்பத்துக்கும் பொருந்தும். துடைக்கும் துணியைப் பிழிய ஒரு வாளி, நனைக்க வேறொரு வாளி என்று வைத்துக்கொண்டால் எடுத்த அழுக்கு தரைக்குத் திரும்பாது. அதிகம் சோப்புப் போட்டால் அதிகச் சுத்தம் என்பது தவறு. அலசாமல் விட்ட சோப்புப் படலம் காலில் ஒட்டிப் புழுதியைப் பிடிக்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படியும்போது அதே படலம் வழுக்கலாகிவிடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கடைசியாக வெறும் தண்ணீர் விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது அவசியம்.

விட்ரிஃபைட் டைல்ஸை மெருகுக்காக இழைக்கும்போது உள்ளே அடைபட்டிருந்த நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. அவற்றை நிரப்பும் பூச்சு தேய்ந்தபின் காபிக் கறையும் மருதாணியும் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் நாரின் துணுக்கு துளையில் தங்கித் துருப்பிடிக்கும். நைலான் பிரஷ் போதும்.

மஞ்சள் கறைக்கு வெயிலும் உதவும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோப்புப் போட்டதும் கறை சிவப்பாவதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஒளி பட்டால் அது மெல்லச் சிதையும். வெயில் விழும் தரை என்றால் இரண்டு மூன்று நாளில் தானாகவே மங்கும்.

குத்துவிளக்கடியில் மொசைக்கில் இறங்கிய எண்ணெய்க் கறையை மேலே தேய்த்து எடுக்க முடியாது. அது துளைகளுக்குள் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் சாக்பீஸ் பொடியைக் களிபோலக் குழைத்துக் கறையின்மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளை எடுத்துக் காயவிடுங்கள். பொடி காயக் காய, திரி எண்ணெயை இழுப்பதுபோல் துளைக்குள் இருப்பதை மேலே இழுக்கும். உதிர்ந்த பொடியைப் பெருக்கிவிட்டு, கறை மிச்சமிருந்தால் மறுபடி அப்பலாம். சாக்பீஸின் சுண்ணாம்போ ஜிப்சமோ தரையோடு சண்டை போடாது.

மோரிக்குள் இருக்கும் காற்று

இதுவரை சொன்னது தரையைப் பற்றி. இனி சொல்லப்போவது உயிரைப் பற்றி.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையின் மூலையில் ஒரு மோரி இருக்கும். பாத்திரமும் துணியும் குளியலும் அங்கேதான். மாதுங்கா வீடுகளின் குளியலறைகளும் பெரியவை அல்ல. அங்கே பாட்டில்களில் இருப்பவை கலந்து கிளம்பும் வாயு அந்தச் சிறிய இடத்துக் காற்றுக்குத்தான் போகும்.

கழிவறைத் திரவம் ஊற்றியும் கறை போகவில்லை, மேலே கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் தூவினால் போகும் என்று நினைப்பது மிக இயல்பான நினைப்பு. மிக ஆபத்தானதும் அதுதான். 1774இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, மாங்கனீசுத் தாதுவோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து, மூச்சை அடைக்கும் பச்சை மஞ்சள் வாயுவைக் கண்டார். அது குளோரின். 1799இல் சார்லஸ் டென்னன்ட் அந்த வாயுவை நீற்றிய சுண்ணாம்பில் செலுத்திப் பொடியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிளீச்சிங் பவுடர் அப்படித்தான் பிறந்தது. அமிலத்தைச் சேர்ப்பது என்றால் சுண்ணாம்புக்குள் அடைத்த வாயுவைத் திறந்துவிடுவது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரில் ஜெர்மானியப் படை காற்றில் திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளம், 2.2 மீட்டர் உயரம் உள்ள குளியலறையில் 3.3 கன மீட்டர் காற்று இருக்கும். 4 சதவிகித பிளீச் திரவம் 100 மில்லி லிட்டர், போதுமான அமிலத்தோடு கலந்தால் 3.8 கிராம் குளோரின் வரை வெளியேறலாம். அந்தக் காற்றில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 400 பங்கு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்திருக்கும் அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு. பத்தில் ஒரு பங்கு மட்டும் காற்றில் கலந்தாலும் அந்த எல்லையைப்போல் நான்கு மடங்கு. குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அது முதலில் தேங்குவது தரையை ஒட்டி. குந்தி உட்கார்ந்து தேய்க்கிறவரின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

ஈரமான கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் பட்டதும் குளோரின் அமிலமாக மாறுகிறது. இருமல் நின்று, சரியாகிவிட்டது என்று தோன்றியபின்னும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். 2010 ஜூலை 14 அன்று மும்பை சிவ்ரியின் ஹாஜி பந்தரில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பழைய உருளை ஒன்றிலிருந்து குளோரின் கசிந்து பலர் மருத்துவமனைக்குப் போனது இந்த நகரம் அறிந்தது. அத்தனை பெரிய கசிவை எல்லோரும் கவனித்தார்கள். சின்னக் குளியலறைகளில் நடப்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தாலும் நச்சுதான். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்குகின்றன. பொதுக் கழிவறைகளில் நிறையத் தண்ணீர் ஊற்றி அலசாமல் பிளீச்சைக் கொட்டினால் கிளம்பும் குளோரமைன் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். 2020 ஏப்ரலில் தாராவியில் கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில் பிளீச் கரைசலே நகரெங்கும் முதல் ஆயுதமாக இருந்தது. ஆட்கள்மேல் அதைத் தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த மாதமே சொன்னது. வீட்டுத் தரைக்கு 0.1 சதவிகிதக் கரைசல் போதும். 4 சதவிகித பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 மில்லி லிட்டர். அதையும் சோப்புப் போட்டுத் துடைத்து அலசியபிறகே பயன்படுத்த வேண்டும். அழுக்கு இருக்கும் இடத்தில் பிளீச் அழுக்கோடு மோதித் தீர்ந்துவிடும், கிருமியிடம் போய்ச் சேராது. பினாயிலுக்கும் இதே வரிசைதான்.

தப்பித் தவறிக் கலந்துவிட்டால் சரிசெய்யப் பார்க்காமல் மூச்சை அடக்கி உடனே வெளியே வந்துவிடுங்கள். கதவைத் திறந்துவைத்து, நெடியடங்கும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். மூச்சுத் திணறினால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். தோலிலோ கண்ணிலோ அமிலம் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். சோடா உப்புப் போடக் கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஏறிவரும் அமிலம் தொண்டையை இரண்டாம் முறை சுடும்.

குனிகிறவர் யார்

மாதுங்கா, செம்பூர் வீடுகளில் தரை துடைக்க வரும் பெண்கள் பலர் பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து வருகிறார்கள். ஒரே காலையில் நாலைந்து வீட்டுக் குளியலறை. ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு பாட்டில். ஒரு வீட்டில் அமிலம் ஊற்றி நனைந்த கையும் துணியும் அடுத்த வீட்டில் பிளீச்சைத் தொடுகின்றன.

செம்பூரை ஒட்டிய ஆலைகளில் இதே அமிலத்தைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்புச் சாதனங்கள் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக் குளியலறைக்குள் எந்த ஆய்வாளரும் வருவதில்லை. 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம், லட்சுமி என்ற பெண் தொடுத்த வழக்கில், ஆசிட்டைச் சில்லறையில் விற்கும் கடைக்காரர் வாங்குகிறவரின் அடையாளத்தைப் பதிய வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. அந்த உத்தரவு அமில வீச்சைத் தடுக்க வந்தது. துடைக்கிறவரின் நுரையீரலைக் காக்கும் பொறுப்பு பாட்டிலை வாங்கி வைக்கிற குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பொறுப்பு கடினமானது அல்ல. பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டிலில் எதையும் வாங்காதீர்கள். குடிதண்ணீர் பாட்டிலில் பினாயிலோ பிளீச்சோ ஊற்றி வைக்காதீர்கள். பிளீச்சை அலமாரியின் மேல்தட்டில், வேறு பாட்டில் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில் என்பதை வீட்டு விதியாக்குங்கள். சோப்பைத் தவிர வேறு எதைப் போட்டாலும் நன்றாக அலசிவிட்டு மறுநாள்தான் இன்னொன்று. ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் நீளப் பிடி வைத்த பிரஷும் வாங்கித் தந்து, வேலை முடியும்வரை சன்னலைத் திறந்துவைத்து மின்விசிறியை ஓடவிடுங்கள். வேலைக்கு வருகிறவரிடம் தரை எந்தக் குடும்பம் என்று சொல்லிக்கொடுங்கள். “இன்னும் வெள்ளையாக வரணும்” என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். அந்த ஒரு சொல்தான் அவரைக் கடுமையான பாட்டிலை நோக்கிக் கை நீட்டவைக்கிறது.

பாத்திரம் கழுவும் திரவம், நைலான் பிரஷ், இரண்டு வாளி, அளந்து கலக்கும் பிளீச், கண்ணாடித் தரைக்கு மட்டும் கொஞ்சம் வினிகர். சுண்ணாம்புத் தரையோ கண்ணாடித் தரையோ, ஒரு வீட்டுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஊறும் நேரத்தைக் கொடுத்தால் மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஆசிட்டுக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை.